குச்சியில் 25, நோட்டில் 35

42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால், கழித்தலைப் புதிதாகக் கற்கும் பிள்ளைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்பதால், பெரியதிலிருந்து சிறியதை எடுத்து 5 என்று போட்டுவிட்டு, பத்தின் இடத்தில் 4-இலிருந்து 1-ஐ எடுத்து 3 என்று முடித்துவிடுவார்கள். தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தும் எவருக்கும் இது பழகிய தவறு. இதற்கான மருந்தும் பழகியதுதான். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, நான்கு கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடுத்து, அதிலிருந்து பதினேழை எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். உதிரியில் ஏழு இல்லை என்று தெரிந்ததும் பிள்ளை சற்று விழித்துவிட்டுத் தானாகவே ஒரு கட்டைப் பிரிக்கும். பிரித்தால் பன்னிரண்டு உதிரி. அதில் ஏழு போக ஐந்து. மீதமிருக்கும் மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. ஆக, இருபத்தைந்து.

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இதை எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் செய்து முடித்தான். எடுத்த குச்சிகளை எனக்கு எண்ணிக் காட்டி, மீதியையும் எண்ணி, 25 என்று சொன்னான். பிறகு நோட்டைத் திறந்து அதே கணக்கை மேலும் கீழுமாக எழுதி, கோடு போட்டு, 35 என்று விடை எழுதினான். இரண்டு விடைகளும் அவன் முன்னாலேயே பாயில் கிடந்தன. "குச்சியில 25 வந்துச்சு, நோட்டுல 35 வந்திருக்கே, எது சரி?" என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் குழம்பவில்லை. "ரெண்டும் சரிதான் டீச்சர். அது குச்சி, இது கணக்கு" என்றான்.

வகுப்பறைச் செயல்பாடுகளைப் பற்றி நான் படித்த பயிற்சிக் கட்டகங்கள் எவற்றையும்விட இந்தப் பதில் எனக்கு அதிகம் சொன்னது. அவனைப் பொறுத்தவரை குச்சி என்பது டீச்சர் தரும் ஒரு விளையாட்டு. அதற்கு ஒரு விடை உண்டு. கணக்கு என்பது நோட்டில் நடக்கும் வேறொரு காரியம். அதற்கு வேறொரு விடை இருப்பதில் அவனுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. செயல்பாடு குறைவின்றி நடந்திருக்கிறது, பிள்ளையும் மகிழ்ச்சியாகத்தான் செய்திருக்கிறான், ஆனால் அதற்கும் பாடத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்பது, அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

மறுநாள் அதே கணக்கை இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து செய்யச் சொன்னேன். ஒருவர் கையில் குச்சி, மற்றவர் கையில் நோட்டு. குச்சிக்காரர் ஒரு கட்டைப் பிரித்தால், அதே நொடியில் நோட்டுக்காரர் 4-ஐ அடித்துவிட்டு மேலே 3 என்று எழுத வேண்டும். உதிரிகள் பன்னிரண்டானதும் 2-க்கு முன்னால் 1 சேர்க்க வேண்டும். அதற்கு முன்பும் கூடாது, பின்பும் கூடாது. முந்தைய நாள் "அது குச்சி" என்று சொன்ன சிறுவனிடம் இப்போது நோட்டைக் கொடுத்திருந்தேன். அடித்திருந்த 4-ஐக் காட்டி, "இதுல ஒண்ணு குறைஞ்சிருக்கே, அது எங்க போச்சு?" என்று கேட்டபோது, அவன் பேசாமல் தரையில் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் பேண்டைச் சுட்டிக் காட்டினான். பாடநூல் இதை இனமாற்றம் என்கிறது. வீட்டில் அம்மாக்களும் நாமும் கடன் வாங்குதல் என்கிறோம். அன்று அவன் காட்டிய ரப்பர் பேண்டுக்கு மேல் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் செயல்பாடுகளுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆனால் மணிகளும் மரக்கட்டைகளும் கொண்ட அந்த முறை நெடுங்காலம் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கே வாய்த்தது. அரசுப் பள்ளிகளில் பெரிய அளவில் மாற்றம் வந்தது, பிள்ளை தானே அட்டைகளின் வழியாகப் படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோதுதான். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளி, சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த அட்டை முறையை ஆசிரியர்கள் நேரில் சென்று பார்த்து வந்தார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக எம்.பி. விஜயகுமார் இருந்தபோது, 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் அது தொடங்கப்பட்டது. 2007-08 கல்வியாண்டில் முதல் நான்கு வகுப்புகளுக்கு மாநிலம் முழுவதும் பரவியது.

அந்த நாட்களில் பணியில் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம் என்று தெரியும். ஆசிரியரின் நாற்காலியும் மேசையும் ஓரத்துக்குப் போயின. நாங்கள் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தோம். சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அடித்து, ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. வகுப்பறையின் குறுக்கே கம்பிப் பந்தல் கட்டி, அவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் அதில் தொங்கவிட்டோம். காலையில் வந்ததும் பிள்ளையே தன் வருகையைப் பதிந்துகொள்ளும். காலநிலை அட்டவணையில் வெயிலா மேகமா என்று குறிக்கும். ஆரோக்கியச் சக்கரத்தின் முன்னால் நின்று நகம் வெட்டியாயிற்றா, பல் துலக்கியாயிற்றா என்று பார்த்துக்கொள்ளும். பாடம் முழுவதும் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, சின்னம் பொறித்த அட்டைகளாக அடுக்கில் இருந்தது. அந்தப் படிகளை வரிசையாகக் காட்டிச் சுவரில் தொங்கிய ஏணிப்படி அட்டவணையில் தன் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு, அந்த அட்டை எந்தக் குழுவில் உட்காரச் சொல்கிறதோ அங்கே பிள்ளை தானே போய் உட்கார வேண்டும். ஒரு குழுவுக்கு ஆசிரியரின் முழு உதவி, ஒரு குழுவுக்குப் பகுதி உதவி, வேறு சில குழுக்களுக்குச் சக மாணவர் உதவி, ஒன்றில் மதிப்பீடு. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்த பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம் என்பது, அதுவரை எந்த முறையிலும் இல்லாத நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன்.

தமிழ் அட்டைகளில் எழுத்துகள் அகர வரிசையில் வரவில்லை. கோடுகள் எளிதாக இருக்கும் ட, ப, ம ஆகியவை முதலில் வந்தன. அரிச்சுவடி வரிசையில் படித்து வந்த பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் இந்த மூன்று எழுத்துகளைக் கற்ற அன்றே பிள்ளையால் படபட, டமடம, மடமட என்று வாசித்துவிட முடியும். டமடம என்று வாசித்ததும் பாயிலேயே தாளம் போடத் தொடங்கிய பிள்ளைகளை அடக்குவது தனி வேலை. 'அ' என்னும் எழுத்தை அதன் சுழிகளோடு எழுதப் பழகவே பல நாட்கள் ஆகும் ஒரு பிள்ளைக்கு, படித்துவிட்டேன் என்ற உணர்வு முதல் வாரத்திலேயே கிடைத்துவிடுகிறது.

அந்த முறையில் எனக்குக் குறையாகத் தெரிந்ததும் அந்த ஏணியேதான். அட்டையை முடித்துவிட்டு அடுத்த அட்டைக்கு ஓடுவதில் பிள்ளைகளுக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. அட்டை முடிந்ததா என்று பார்ப்பதில் எங்களுக்கும் அதே வேகம். ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு படியில் நிற்கும்போது, வகுப்பு முழுவதும் ஒரே பொருளைப் பற்றிச் சேர்ந்து பேசும் வாய்ப்புக் குறைந்தது. 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தபோதும், பின்னர் 2018-இல் தொடங்கிப் புதிய பாடநூல்கள் வந்தபோதும், அட்டைகள் மெல்ல மெல்ல அலமாரிக்குள் போயின. பாயும் கீழ்க்கரும்பலகையும் பல பள்ளிகளில் தங்கிவிட்டன.

கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடிக்கிடந்து திறந்தபின், 2022 ஜூனில், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கியது. அடுத்த கல்வியாண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. பிள்ளைகளின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஒரே செயல்பாட்டை மூன்று நிலைகளுக்கும் ஏற்றபடி நடத்த வேண்டும். பாட்டும் கதையும் பொம்மையும் இல்லாத நாளே இல்லை. இந்தப் பிரிவினை தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனென்றால் மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை அந்த வகுப்புப் பாடத்தின் முன்னால் உட்கார வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. பூவின் பெயரை வைத்தாலும் எந்தக் குழு எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவதில்லை என்பது மட்டும் உறுத்தும். தமிழில் அரும்பாக இருக்கும் சிறுவன் கணக்கில் மலராக இருந்தால், அந்தப் பாடவேளை வரும்போது அவன் எழுந்து இடம் மாறி உட்காரும் மிடுக்கைப் பார்க்க வேண்டும்.

குழுவாக உட்காருவதைக் கல்விக் கொள்கை என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்களைப் போன்ற சிறு பள்ளிகளுக்கு அது பிழைப்பு வழியும்கூட. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. தலைமையாசிரியர் ஒன்றியக் கூட்டத்துக்குப் போன நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அந்த நாளில் சக மாணவர் உதவி இல்லாமல் பள்ளி நடக்காது. எங்கள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஒன்றாம் வகுப்புக் குழுவுக்குப் புளியங்கொட்டை வைத்துக் கூட்டல் சொல்லிக்கொடுப்பதை ஓரமாக நின்று கேட்டிருக்கிறேன். எண்ணுவது, எண்ணச் சொல்வது, தவறினால் மறுபடியும் கொட்டைகளைக் கலைத்துப் போட்டுத் தொடங்குவது எல்லாமே அச்சு அசலாக என்னைப் போலவே செய்தாள், "எத்தன தடவ சொல்றது?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டதும் உட்பட. ஆனால் அவள் எனக்குத் தோன்றாத ஒன்றையும் செய்தாள். கொட்டைகளைக் கையால் மூடிக்கொண்டு, "இப்ப பாக்காம சொல்லு" என்றாள். பொருளிலிருந்து மனக்கணக்குக்குப் போகும் வழியை அவள் எந்தப் பயிற்சியிலும் படிக்கவில்லை.

செயல்பாட்டுக்கும் பாடத்துக்கும் நடுவிலுள்ள அந்தச் சுவர் அறிவியலில் இன்னும் தெளிவாகத் தெரியும். விதை முளைக்கும் சோதனையைச் செய்யாத தொடக்கப்பள்ளி இருக்காது. நாங்கள் கொட்டாங்குச்சிகளில் ஈரப் பஞ்சு வைத்துப் பச்சைப்பயறு போட்டு, ஒன்றைச் சன்னலோரமும் இன்னொன்றைப் பீரோவுக்குள்ளும் வைத்தோம். நாள்தோறும் தண்ணீர் தெளிக்க ஆள் போட்டாயிற்று. சில நாட்களில் இரண்டையும் வெளியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, சன்னலோரச் செடி குட்டையாக, பச்சையாக நின்றது. பீரோவுக்குள் இருந்தது அதைவிட நன்றாக நீண்டு, வெளிறிய மஞ்சளாக வளைந்து கிடந்தது. பயிற்சி நூலில் நிரப்ப வேண்டிய இடத்தில் பிள்ளைகள் எல்லோரும் "தாவரம் வளர ஒளி தேவை" என்று எழுதியிருந்தார்கள். வாயைக் கிளறினால், "பீரோவுல வச்சதுதான் டீச்சர் நல்லா வளந்திருக்கு" என்றார்கள். கண்ணால் பார்த்தது ஒன்று, எழுதியது வேறொன்று. இரண்டும் சண்டையில்லாமல் ஒரே தலைக்குள் இருந்தன.

இந்த இடத்தில் புத்தகம் சொல்வதுதான் சரி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படிச் செய்தால், கண்ணை நம்பாதே, அச்சில் இருப்பதை நம்பு என்று சோதனையின் வழியாகவே கற்பித்ததாகிவிடும். அதனால், நன்றாக வளர்ந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். உயரம் என்றார்கள். அளவுகோல் வந்தது, உயரம் எழுதப்பட்டது, பீரோ வென்றது. பிறகு ஒருவன் இலையை அளக்கலாமே என்றான். இலையை அளந்தபோது சன்னல் வென்றது. தண்டைத் தொட்டுப் பார்த்தார்கள். பீரோச் செடியின் தண்டு நூல் போல இருந்தது. வீட்டில் தக்காளி நாற்று விடும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, "வெயில் படாத நாத்து இப்படித்தான் நீண்டுக்கிட்டுப் போகும், நட்டா சாஞ்சிரும்னு எங்க தாத்தா சொல்வாரு" என்றாள். இருட்டிலிருக்கும் முளை வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது. அதுவரை விதைக்குள் சேர்த்து வைத்திருந்த உணவில்தான் அது ஓடுகிறது. பச்சையம் இல்லாததால் சொந்தமாக உணவு தயாரிக்க வழியில்லை. இதைச் சொல்லிவிட்டு, நம்ப வேண்டாம், பீரோவில் மறுபடியும் வைத்துப் பார்ப்போம் என்றேன். அடுத்த வாரம் அது சரிந்து அழுகத் தொடங்கியபோது, அதன் உயரத்துக்காக வாதாடியவர்களே கொண்டுவந்து காட்டினார்கள். இந்தப் பேச்சு ஒரு பாடவேளையை முழுதாகத் தின்றுவிட்டது. திட்டமிட்டிருந்த அடுத்த செயல்பாடு நடக்கவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை.

மொழிப் பாடத்தில் சேர்ந்து பேசுவதற்கு இன்னும் அதிக இடம் இருக்கிறது. கொம்பும் காலும் உள்ள எழுத்துகள் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும், ஏனென்றால் 'கொ' என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, ஆனால் வாயில் முதலில் வருவது ககரம். இதற்கு மூன்று பிள்ளைகளின் கழுத்தில் மூன்று அட்டைகளை மாட்டி, நடுவில் நிற்கும் 'க' தனியாக இருக்கும்போது ஓர் ஒலியும், இருபக்கமும் துணை வந்து நின்றபின் வேறோர் ஒலியும் எழுப்பச் செய்வோம். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நன்றாக வேலை செய்யும்.

எழுதச் சொல்லும்போதுதான் சிக்கல். நேற்று வீட்டில் நடந்ததை எழுதச் சொன்னால், "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு ஒண்ணு செத்துப்போச்சு" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை கீழ்க்கரும்பலகையில் எழுதும். அதை உடனே சிவப்புச் சாக்பீசால் திருத்துவது எனக்கு உடன்பாடில்லை. தான் நினைத்ததை முதல்முறையாக எழுத்தில் கொண்டுவந்த பிள்ளையிடம், அந்தக் குட்டியைப் பற்றி எதுவும் கேட்காமல் வினைமுற்றைப் பற்றிப் பேசுவது முறையாகப் படவில்லை. முதலில் குட்டியைப் பற்றிக் கேட்போம். மற்றப் பிள்ளைகள் அவரவர் வீட்டு ஆடுகளின் கதையைச் சொல்வார்கள். அதன்பின் அந்த வரிக்குக் கீழே, புத்தகத்தில் இருந்தால் இது எப்படி இருக்கும் என்று கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "போட்டது", "இறந்துவிட்டது" என்பவை அவர்கள் வாயிலிருந்தே வரும், ஏனென்றால் கதைகளில் அவற்றைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வரிகளும் நாள் முழுவதும் பலகையில் இருக்கும், எதையும் அழிப்பதில்லை. பேச்சுத் தமிழை எழுத விட்டால் அதுவே நிலைத்துவிடும் என்று அஞ்சும் சக ஆசிரியர்கள் உண்டு. நான் பார்த்தவரையில், எழுதவே அஞ்சும் பிள்ளைதான் ஐந்தாம் வகுப்பிலும் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறது.

இப்படிப் பேசுவதற்கு நேரம் வேண்டும். நேரம்தான் எங்களிடம் இல்லாத பொருள். எந்தத் திட்டமானாலும் செயல்பாடு நடந்ததற்குச் சான்று கேட்கப்படுகிறது. சான்று என்றால் பெரும்பாலும் கைப்பேசியில் எடுத்த படமும் செயலியில் ஏற்றிய மதிப்பெண்ணும்தான். குச்சிகளைப் பரப்பி வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் படம் எடுத்துவிடலாம், எடுத்தால் அழகாகவும் இருக்கும். "அது குச்சி, இது கணக்கு" என்று ஒருவன் சொன்னது எந்தப் படத்திலும் விழாது. படம் எடுத்ததும் செயல்பாடு முடிந்துவிட்டதாகப் பிள்ளைகளே எழுந்து பொருட்களைக் கட்டி வைக்கத் தொடங்குவதைப் பார்த்தபின், எங்கள் பள்ளியில் படம் எடுக்கும் வேலையைப் பாடவேளையின் கடைசிக்குத் தள்ளிவிட்டோம்.

பெற்றோரின் கவலை இதற்கு நேர்மாறானது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, "பக்கத்து ஊர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல நோட்டு நோட்டா எழுதுறாங்க. இங்க பிள்ளைங்க வெளையாடிக்கிட்டே இருக்குதுங்களே டீச்சர்" என்றார். அவர் கேட்டது தவறில்லை. கூலி வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருபவருக்குப் பிள்ளையின் படிப்பைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே சன்னல் அந்த நோட்டுதான். நாங்கள் பகலெல்லாம் பேசியது அதில் தெரியாது. அதன்பின் ஒன்று செய்தோம். ஒவ்வொரு செயல்பாடு முடிந்ததும் பிள்ளைகள் நோட்டில் மூன்று வரி எழுத வேண்டும்: என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. எழுதத் தெரியாதவர்கள் வரையலாம். வீட்டில் அதைப் படித்துக் காட்டிப் பெற்றோரின் கையொப்பம் வாங்கி வர வேண்டும்.

கையொப்பம் தவறாமல் வருகிறது. இரண்டாவது வரிதான் வருவதில்லை. நடந்ததைப் பார்த்தபின் அதையே முன்பே நினைத்ததாக எழுதிவிடுகிறார்கள், எல்லோரும். அதனால் இப்போது அந்த வரியைச் செயல்பாட்டுக்கு முன்பே எழுத வைத்து, நோட்டுகளை வாங்கி மேசையில் அடுக்கிவிட்டுத்தான் குச்சிப் பெட்டியைத் திறக்கிறேன்.